ஆறு மூட்டை

சூய்க்கா மலைவிடுதி
12 பிப்ரவரி 1984

ஈசாத்,

‘அன்புத் தம்பிக்கு’ என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சத்தம் போட்டுச் சொன்னவள் நான். இப்போது நானே எழுதுகிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்.

ஜனவரியில் இங்கே மழை பெய்தது. மறுநாளே உறைந்து, மேய்ச்சல் நிலம் முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. பனிமான்கள் குளம்பால் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கின்றன; அடியில் இருக்கும் பாசி வாய்க்கு எட்டவில்லை. சினை மான்களுக்கெல்லாம் விலா எலும்பு தெரிகிறது. வாரத்தில் மூன்று நாள் சாலை வரைக்கும் போய்த் தீனி மூட்டைகளை இழுவைச் சறுக்கில் ஏற்றி, மோட்டார் பனிவண்டியில் கட்டி இழுத்து வருகிறோம்.

போன செவ்வாய்க்கிழமை உன் மச்சான் மிக்கல் மந்தையோடு இருந்தார். மூட்டை ஏற்ற நான் போனேன். பிரெத்தை யாரிடம் விடுவது? ஆறு வயதுப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து என் இடுப்போடு கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அடியில் டமாலென்று ஒரு சத்தம். வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் வண்டியைத் தாங்கும் பின் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்து, வெல்டிங் பக்கத்தில் பிளந்து கிடந்தது. மைனஸ் முப்பத்தொன்று. ஐந்து மணி நேரம் நடந்தோம் ஈசாத். முதல் இரண்டு மணி நேரம் பிரெத் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டாள், பேச்சையும் நிறுத்திவிட்டாள். அந்த மௌனம்தான் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மிக்கல் விடுதியில் வைத்து ஆர்மை ஒட்டவைத்திருக்கிறார். எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கே தெரியாது. ஏப்ரல் முதல் வாரம் மந்தையோடு ராவ்தோ ஏரியைக் கடக்க வேண்டும். பனிக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும் பருவம் அது. பிரெத் சறுக்கில் உட்கார்ந்துதான் வரவேண்டும். நடு ஏரியில் அந்தச் சத்தம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

உங்கள் பட்டறையில் கனமான குழாயில் ஆர்ம் செய்து தருகிறீர்களாமே. எனக்கு ஒன்று வேண்டும். மிக்கலுக்கு நான் எழுதுவது தெரியாது. ஃபோன் பண்ணிவிடாதே. ஃபோன் விடுதிச் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. மணி அடித்தாலே சமையல்காரி காரெனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

ரவ்னா


அல்தா
18 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். பட்டறை முதலாளி “என்னப்பா, லாட்டரி விழுந்துச்சா?” என்று கேட்டார். “எங்க அக்கா திட்டி எழுதியிருக்கு” என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரெத் எப்படி இருக்கிறாள்? அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?

அந்தக் கல்யாண வீட்டில் நான் குடித்துவிட்டு உளறியதற்கு இன்னும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கை எழுத மாட்டேன் என்கிறது. நேரில் கேட்கிறேன்.

ஆர்ம் கண்டிப்பாகச் செய்து தருகிறேன். நீ எனக்கு எதுவும் தரவேண்டாம், அந்தப் பேச்சையே எடுக்காதே. வண்டி அதே பழைய அகலப் பட்டை வண்டிதானே? இன்னொன்று மட்டும் தெரிய வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அக்கா. ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை ஏற்றுவீர்கள்? குழாயின் கனம் அதைப் பொறுத்தது. மற்ற விஷயங்களும் அதைப் பொறுத்தவைதான். சும்மா ஒரு தோராயம் போதும்.

ஈசாத்


சூய்க்கா
25 பிப்ரவரி

ஈசாத்,

வந்துவிட்டாயா வழிக்கு!

எத்தனை மூட்டை என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? ஒரு நாளைக்கு இத்தனை மூட்டை என்றால் மந்தையில் இத்தனை தலை என்று பச்சைப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும். நம் மான் மேய்க்கும் இனத்தில் எவனாவது அடுத்தவனிடம் உனக்கு எத்தனை மான் என்று கேட்பானா? செத்துப்போன நம் அப்பாகூட என் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் கேட்டதில்லை. ஊர்ப்பக்கம் வரும் நார்வேக்காரச் சுற்றுலாக்காரன்தான் கேட்பான், அவனுக்கு நாம் “கொஞ்சம் இருக்கு” என்று சொல்லி அனுப்புவோம். நீ என்னடாவென்றால் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில் எழுந்து நின்று, “எங்க அக்காவுக்கு எத்தனை தலை தெரியுமா?” என்று எண்ணிக்கையைக் கத்தினாய்.

அதன் பலனைச் சொல்லட்டுமா? அந்த இலையுதிர் காலமே பக்கத்து மந்தைக்காரன் ஆந்தாரஸ் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தான். “உங்களுக்குத்தான் இவ்ளோ இருக்கே, மேலப் பள்ளத்தாக்கை எங்களுக்கு விட்டுக்குடுங்க” என்று மேய்ச்சல் நிலம் பிரிக்கும் கூட்டத்தில் பேசினான். பேசிப் பேசி வாங்கியும்விட்டான். ஜனவரி மழை விழாத இடம் அந்தப் பள்ளத்தாக்கு ஒன்றுதான். அவன் மான்கள் அங்கே பாசி மேய்கின்றன. என் மான்கள் மூட்டைத் தீனி தின்கின்றன.

கேட்டுவிட்டாய், எழுதிக்கொள். ஆறு மூட்டை. ஒரு தடவைக்கு ஆறு. போதுமா?

பிரெத்துக்கு உன்னை ஞாபகம் இருக்கிறது. “காதை ஆட்டிக் காட்டுவாரே, அந்த மாமாவா?” என்று கேட்டாள்.

ரவ்னா


அல்தா
6 மார்ச்

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதெல்லாம் சரி.

ஆறு மூட்டை என்று குறித்துக்கொண்டேன். அதற்கு ஏற்ற ஆர்மை இந்தப் பெட்டியில் வைத்து பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பழையதைவிட ஒன்றரை மடங்கு கனமான குழாய், முக்கில் முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் செய்தது. வெல்டிங் என் கையால் போட்டது. மாட்டுவது பெரிய வித்தையில்லை, ஆனால் நிதானம் வேண்டும்.

வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவை. ரப்பர் பட்டையின் இறுக்கத்தை முழுசாகத் தளர்த்து. உள்ளே சறுக்குச் சட்டம் வண்டியின் அலுமினியக் கூட்டோடு நாலு போல்ட்டில் நிற்கிறது. அந்தப் போல்ட்டைத் தொடும் முன்னால் இரண்டு ஸ்பிரிங்கையும் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். அக்கா, ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தை வைக்காதே. போன வருஷம் இங்கே ஒருத்தனுக்கு இரண்டு பல் போயிற்று. போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் ஸ்பானர் போட வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் திருகினால் உள்ளே ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும். புது ஆர்மை உள்ளே தள்ளும் முன் கிரீஸைத் தாராளமாகப் பூசு. நட்டெல்லாம் புதிது வைத்திருக்கிறேன், பழைய நட்டை மறுபடியும் போடாதே. பத்து மைல் ஓட்டியதும் எல்லாவற்றையும் இன்னொரு தடவை முறுக்கு.

ஆறுக்கு மேல் ஏற்றாதே. கழற்றிய பழைய ஆர்மைத் தூக்கி எறிந்துவிடாமல் அதே டிரைவரிடம் கொடுத்தனுப்பு. எங்கே தளர்ந்தது என்று பார்க்கவேண்டும்.

பெட்டியில் ஒரு சாக்லேட் பொட்டலம் இருக்கிறது. பிரெத்துக்கு.

ஈசாத்


சூய்க்கா
16 மார்ச்

தம்பி,

மாட்டிவிட்டேன்! மாட்டிய கதையைக் கேள்.

மிக்கல் மந்தைக் காவலுக்குப் போன நாளாகப் பார்த்துத் தொடங்கினேன். விடுதிக்குப் பக்கத்தில் எங்கள் குடிலுக்கு வெளியே மான் தோலை விரித்து, வண்டியைச் சாய்க்கவே மூச்சு வாங்கிவிட்டது. மைனஸ் இருபத்துநாலு. கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியவில்லை, கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் உன் புது நட்டு போல்ட்டையெல்லாம் காப்பிப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் சூடுபண்ணி, ஒவ்வொன்றாக எடுத்து வந்து மாட்டினேன். சிரிக்காதே. வேலை நடந்தது.

முதல் ஸ்பிரிங் சாதுவாக வந்தது. இரண்டாவது கையிலிருந்து நழுவி விர்ரென்று போய் ஃபிளாஸ்க்கில் அடித்தது. ஃபிளாஸ்க் சப்பையாகிவிட்டது. என் முகம் அங்கே இருந்திருந்தால் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும்.

போல்ட்டில்தான் வினை. உன் சொல்படி இரண்டு பக்கமும் ஸ்பானர் போட எனக்கு மூன்றாவது கை இல்லை. அந்த நேரம் பார்த்து ஆந்தாரஸ் தன் வண்டியில் வந்து நிற்கிறான்.

“என்ன ரவ்னா, வண்டிக்குப் பிரசவம் பாக்குறியா?”

“ஆமா, உன்ன மாதிரி ஒண்ணு பொறந்துடுமோன்னு பயமா இருக்கு. வந்து இந்தப் பக்கம் பிடி.”

பிடித்தான். பலசாலிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கை ஸ்பானரில் இருக்க, கண் முழுக்கக் குடிலுக்குப் பின்னால் இருந்தது. மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தேன்.

“மூட்டைக்கெல்லாம் போர்வை போத்தி வெச்சிருக்கியே, குளிருதாமா அதுக்கு?”

“உன் கண்ணு பட்டுடும்னு பயப்படுது” என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். காற்றில் தார்ப்பாய் நுனி எழும்பினால்கூடத் திக்கென்றது. அடுத்த கூட்டத்தில் கீழ்ப் பள்ளத்தாக்கையும் கேட்பானோ என்று நினைத்துக்கொண்டே நட்டை முறுக்கினேன்.

மறுநாள் மிக்கல் வந்து குனிந்து பார்த்தார். “இது யார் செஞ்சது?” என்றார்.

“அல்தாவுல ஒரு பட்டறை.”

“எந்தப் பட்டறைன்னு எனக்குத் தெரியாதா? அவன் கையால வந்த இரும்பு என் வண்டிக்கு எதுக்கு?”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாலைக்குப் போய்ச் சுமையோடு வந்தார். வந்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிசு. நான்தான் அவரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன், ஈசாத் குடித்தால்தான் கிறுக்கன், வேலையில் தங்கம் என்று.

பழைய ஆர்மை அனுப்பியிருக்கிறேன். ஏப்ரல் நாலாம் தேதி புறப்படுகிறோம். நேற்று ராத்திரி பிரெத் என்னிடம், “ஏரிக்கு அடியில யாரும்மா இருக்காங்க?” என்று கேட்டாள். மீன்தான் இருக்கிறது என்றேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

ரவ்னா


அல்தா
29 மார்ச்

அக்கா,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே முழுசாகப் படி. படித்து முடிக்கும் வரை யாரும் வண்டியை எடுக்க வேண்டாம்.

பழைய ஆர்ம் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. மேஜையில் வைத்து இரண்டு தடவை அளந்து பார்த்தேன். ஆறு மூட்டை இழுத்த இரும்பு இப்படி வளையாது. குழாய் நசுங்கியிருக்கிறது, ஷாஃப்ட் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு மூட்டையாவது இருக்கும். அதற்கு மேலேயும் இருக்கலாம்.

உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை. ஆறு என்று நீ எழுதியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பந்தியில் கத்தியவன் நான்தானே, எண்ணிக்கை எனக்குத் தெரியாதா? ஆனால் ‘ஆறு இல்லையே அக்கா’ என்று திருப்பி எழுதினால், அந்த எண்ணை மறுபடியும் சொன்ன மாதிரி ஆகும். மறுபடியும் நீ என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்று பயந்தேன். அதனால் நம்பியது போல் இருந்துவிட்டேன்.

இப்போது விஷயம். பழைய ஆர்ம் மெலிசு. அதிகச் சுமை வந்தால் அது வளையும், வண்டி உட்காரும், நீ நடந்து வீட்டுக்குப் போவாய். அது ஒரு விதத்தில் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. நான் செய்தது வளையாது. அது வளையாவிட்டால் அந்த அடி முழுக்க எங்கே போகும்? நேராக அலுமினியக் கூட்டுக்கு, போல்ட் போகும் இரண்டு துளைக்கும் போகும். ஆறு மூட்டைக்குக் கூடு தாங்கும். அதற்கு மேலே போனால் கூடு கிழியும். கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரே தடவையில். முன்னால் எந்தச் சத்தமும் வராது.

இரண்டு இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, இதோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். கூட்டுக்கு உள்பக்கம், போல்ட் துளையைச் சுற்றி வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். ரிவெட்டும் உள்ளே இருக்கிறது. விடுதியில் டிரில் உண்டு. அரை நாள் வேலை. மச்சானிடம் சொல், அவர் சுலபமாகச் செய்துவிடுவார். என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

தகடு மாட்ட முடியாமல் போனால் சுமையைப் பிரித்து இரண்டு மூன்று நடையாகக் கொண்டுபோங்கள். எப்படியானாலும் பிரெத்தை அந்தச் சறுக்கில் வைக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் அக்கா, வைக்காதே.

ஈசாத்


அல்தா
7 ஏப்ரல்

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஃபோன் பண்ணாதே என்று நீ சொன்னதை மீறி நேற்று விடுதிக்குப் பண்ணினேன். காரெனாதான் எடுத்தாள்.

“அவங்க நாலாந்தேதியே கெளம்பிட்டாங்களே தம்பி.”

“என் கடிதம் வந்துச்சா? கனமா ஒரு பொட்டலமும் வந்திருக்குமே?”

“இரும்பு மாதிரி ஏதோ கட்டி இங்கதான் பெஞ்சுக்கு அடியில கெடக்கு. கடுதாசியப் பத்தி எனக்கு ஞாபகமில்லப்பா. என்ன விஷயம், ஏதாவது பிரச்சினையா?”

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். தகடு அங்கேயே கிடக்கிறது. அப்படியானால் கடிதம் உன் கைக்கு வரவில்லை. பஸ் டிரைவர் தாமதம் பண்ணிவிட்டாரா? ஒரு நாள் முன்னாலேயே அனுப்பியிருக்கலாம். பழைய ஆர்ம் வருவதற்குக் காத்திராமல், சந்தேகம் வந்த அன்றே எழுதியிருக்கலாம்.

பட்டறையில் எனக்கு வேலை ஓடவில்லை. காலையில் ஒரு ஆள் வந்து, ராவ்தோ பக்கம் பனிக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன்.

இதை எந்த முகவரிக்கு அனுப்புவதென்றுகூட எனக்குத் தெரியவில்லை. விடுதிக்கே அனுப்புகிறேன். ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி.

ஈசாத்


மருத்துவமனை, ஹாமர்ஃபெஸ்ட்
14 ஏப்ரல்

ஈசாத்,

செய்தி கேட்டு நேற்று முன்தினம் நீ வந்துவிட்டுப் போனாய். பிரெத் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “என் வேலைதான் அக்கா, என் இரும்புதான் இப்படிப் பண்ணிடுச்சு. கடிதம் நேரத்துக்கு வரலையே” என்று அழுதாய். மிக்கல் தோளெலும்பு உடைந்த கட்டோடு எழுந்து வந்து, தாழ்வாரத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி, “உன் கையால வந்தது வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்டா! போடா வெளிய!” என்று கத்தினார். நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் கடிதம் நேரத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. காரெனா சமையலறையில் இல்லை, நானே தபால் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். விறகுக் கொட்டகையில் நின்று இரண்டு தடவை படித்தேன். தகட்டைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். அப்புறம் அதைச் சமையலறைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அன்றைக்கு மந்தை நகரத் தொடங்கிவிட்டது. சினை மான்கள் நடக்க ஆரம்பித்துவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது, உனக்குத் தெரியும். ஆனால் அது காரணமில்லை. அரை நாள் என்னால் மிக்கலைப் பிடித்துவைத்திருக்க முடியும். பிடித்துவைத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஈசாத் வேலையில் தங்கம் என்று சொன்ன வாயாலேயே, அவன் செய்தது கிழியுமாம் என்று சொல்ல வேண்டும். நான் ஆறு என்று பொய் எழுதியதைச் சொல்ல வேண்டும். சுமையைப் பிரிக்கலாம் என்றால், ஆந்தாரஸின் குழுவும் எங்களுக்குப் பின்னாலேயே வந்து கரையில் நிற்கும். நாங்கள் மூன்று நடை போவதை அவன் காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பான். மூன்று நடைக்கு எத்தனை தலை என்று கரையிலேயே கணக்குப் போட்டுவிடுவான். இதையெல்லாம் யோசித்தேன். பயந்தேன். ஏரிக்குப் பயப்படவேண்டியவள் ஆந்தாரஸின் கண்ணுக்குப் பயந்தேன்.

‘இத்தனை நாள் தாங்கியதே, இன்னும் ஒரு நாள் தாங்காதா’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரெத்தைச் சறுக்கில் மூட்டைகளுக்கு நடுவில், காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்ததும் நான்தான். தோலை இழுத்து மூடிவிட்டதும் நான்தான்.

ஐந்தாம் தேதி காலை மிக்கல் முன்னால் வண்டியில் போனார். நான் மந்தையின் வாலில் பனிச்சறுக்குக் கட்டையில் வந்தேன். நடு ஏரியில் வண்டி தண்ணீர்ப் பனியில் இறங்கியது. மிக்கல் ஆக்ஸிலேட்டரை முழுசாகக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு தூக்குத் தூக்கியது. அப்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், நீ எழுதியிருந்தபடியே ஒரே தடவைதான். வண்டி அப்படியே நின்றது. சறுக்கு நிற்கவில்லை. அது ஏறி மிக்கலின் முதுகில் இடித்து, மூக்குக் குப்புறத் தண்ணீரில் இறங்கிச் சாய்ந்தது. மூட்டைகள் சரிந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரெத்தின் தலையும் ஒரு கையும்தான் வெளியே தெரிந்தது. இடுப்புக்குக் கீழே மூட்டைகளுக்கு அடியில், பனித்தண்ணீருக்குள் இருந்தாள். அழவில்லை. அன்றைக்கு நடந்து வந்தோமே, அதே மௌனம். மூட்டை நனைந்து கல்லாகக் கனத்தது. ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தேன். பதினான்கு மூட்டை ஈசாத். ஒவ்வொன்றையும் இழுக்கும்போது இதற்கு அடியில் இன்னொன்று இருக்கக்கூடாது என்று கடவுளைக் கேட்டேன். இருந்தது.

பாதியில் ஆந்தாரஸ் தன் ஆட்களோடு வந்துவிட்டான். தண்ணீரில் முழங்காலிட்டு என்னோடு மூட்டை இழுத்தான். பிரெத்தின் காலணியை அறுத்துக் கழற்றி, அவள் பாதங்களைத் தன் சட்டைக்குள், வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். “பேசு ரவ்னா, அவகிட்ட பேசிட்டே இரு, தூங்க விடாத” என்றான். மருத்துவமனை ஹெலிகாப்டர் வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். பனியில் சிதறிக்கிடந்த மூட்டைகளை அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் மந்தையை இப்போது அவன் பையன்கள்தான் ஓட்டிப் போகிறார்கள். எத்தனை தலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும்.

இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வலது காலைப் பற்றித் திங்கட்கிழமைக்கு முன் சொல்ல முடியாதாம். நீ வந்தபோது அவளிடம் காதை ஆட்டிக் காட்டினாயே, நீ போன பிறகும் அதை நினைத்து ஒரு தடவை சிரித்தாள்.

தம்பி, உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நீ வெட்டிய தகடு சரியாகவே இருந்தது. மிக்கலிடம் இதை நான் சொல்லியாக வேண்டும். மூன்று நாளாக அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையணையைச் சரிபண்ணிவிட்டு, திரும்பி வந்துவிடுகிறேன்.

இன்று காலை பிரெத் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள். “அம்மா, நாம கெளம்பறதுக்கு முந்தின நாள் வெறகுக் கொட்டாய்ல நின்னு படிச்சிட்டு அழுதியே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

அவள் வாசலில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. “மாமா உன்னை விசாரிச்சு எழுதியிருந்தாரு” என்றேன். அவள், “நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேம்மா” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ரவ்னா